பொற்குழலும் பிளாஸ்டிக் குழலும்

வேனிற்காலத்து நண்பகல். சாலையோரத்து வேப்பமர நிழலிலே இளநீர்க் குலைகளைக் குவித்து வைத்துக்கொண்டு ஒருவர் அமர்ந்திருக்கிறார். நாம் அவரிடம் சென்று நிற்கிறோம். அரிவாளால் நான்கு வெட்டு. இளநீரின் கண் திறக்கிறது. அதிலே தாளால் ஆன ஒரு குழலைச் செருகி நம் கையிலே தருகிறார். முதல் மூன்று வாய் இனிதாகச் செல்கிறது. பாதி இளநீர் பருகுவதற்குள் குழல் ஊறி, அதன் நுனி ஒட்டிக்கொண்டு, காற்றும் நுழையாத நிலையை அடைந்துவிடுகிறது. "முன்பெல்லாம் பிளாஸ்டிக் குழல் கொடுப்பீர்களே?" என்று கேட்டால், "அது கூடாதென்று சட்டம் வந்துவிட்டதே, ஐயா" என்கிறார் அவர்.

இந்தச் சிறிய உரையாடலுக்குப் பின்னே ஐயாயிரம் ஆண்டு வரலாறு நிற்கிறது என்றால் நீங்கள் வியப்படையலாம். அரசர் வரலாறு, போர் வரலாறு, பேரரசுகள் எழுந்து வீழ்ந்த வரலாறு ஆகியவற்றையே நாம் பெரும்பாலும் படிக்கிறோம். விரலளவு பருமன் கூட இல்லாத ஒரு குழலுக்கு வரலாறு உண்டா? உண்டு. அரசியொருத்தியின் கல்லறையிலே தொடங்கிக் கடலாமையின் மூக்கிலே போய் முடிகிற வரலாறு அது. அதனை அறிந்துகொண்டால், நாளை நாம் எந்தக் குழலைக் கையில் எடுப்பது, அல்லது எடுக்காமலே இருப்பது, என்பதை நாமே முடிவு செய்யலாம்.

முதலில் மெசபொட்டேமியாவுக்குச் செல்வோம். இன்றைய ஈராக்கின் தென்பகுதியில் ஊர் என்னும் பெயருடைய பழைய சுமேரிய நகரம் ஒன்று இருந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகமும் சேர்ந்து 1922 முதல் 1934 வரை அங்கே அகழ்வாராய்ச்சி நடத்தின. அதற்குத் தலைமை தாங்கியவர் லெனார்டு ஊல்லி என்னும் அறிஞர். அரச குலத்தார் புதைக்கப்பெற்ற இடுகாட்டில் பூவாபி என்னும் பெருமாட்டியின் கல்லறையை அவர் கண்டார். கி. மு. 2500ஐ ஒட்டிய காலத்தது அக்கல்லறை. பொன்னிலைகளால் ஆன தலையணியோடும் மணிமாலைகளோடும் அவள் கிடத்தப்பெற்றிருந்தாள். மறுமையில் அவளுக்குப் பயன்படும் என்று நம்பி வைத்த பொருள்களுக்கிடையே மது வைக்கும் வெள்ளிச் சாடியும், பொன்னும் வெள்ளியும் நீலக்கல்லும் கொண்டு இயற்றிய நீண்ட உறிஞ்சுகுழல்களும் இருந்தன. அந்த நீலக்கல்லோ அருகில் கிடைப்பதன்று. இன்றைய ஆப்கானிஸ்தானத்து மலைகளிலிருந்து நெடுந்தொலைவு கடந்து வந்தது.

குடிக்கும் குழலுக்கு இத்தனை சிறப்பு ஏன்? சுமேரியர் வாற்கோதுமையிலிருந்து ஒருவகை மதுவை வடித்தனர். நாம் பார்லி என்று சொல்லும் தானியமே அது. இன்று கண்ணாடிக் கிண்ணத்தில் தெளிவாக மின்னும் பானத்தைப் போன்றதன்று அந்த மது. உமியும் மாவும் அதன் மேலே மிதக்கும். சாடியில் வாய்வைத்துக் குடித்தால் உமிதான் முதலில் வாய்க்கு வரும். ஆகவே குழலை மிதப்பவற்றுக்குக் கீழே அமிழ்த்தி, இடையிலுள்ள தெளிந்த பகுதியை உறிஞ்சினர். அக்காலத்து முத்திரை உருளைகள் பலவற்றில், ஒரே சாடியைச் சுற்றி அமர்ந்தவர்கள் ஆளுக்கொரு நீண்ட குழலால் பருகும் காட்சி செதுக்கப்பெற்றிருக்கிறது. குழல் வெறும் ஒப்பனைப் பொருளாகப் பிறக்கவில்லை. ஒரு தேவையை ஒட்டியே பிறந்தது. இக்கருத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு மீண்டும் வருவோம்.

பூவாபியின் குழலினும் பழைமையானவை காக்கேசிய மலைக்கு வடக்கே கிடைத்தன. அங்கே மைக்கோப் என்னும் இடத்தில் பெரியதொரு புதைமேட்டை 1897இல் நிக்கோலாய் வெசெலோவ்ஸ்கி என்னும் ரஷியப் பேராசிரியர் அகழ்ந்தார். பொன்னாலும் வெள்ளியாலும் ஆன எட்டுக் குழல்கள் வெளிப்பட்டன. ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்கு மேல் நீளமுடையது. அவற்றுள் நான்கில் சிறிய காளையுருவங்கள் கோக்கப்பெற்றிருந்தன. இவை யாவை? செங்கோல்கள் என்றனர் சிலர். விதானத்தைத் தாங்கும் கால்கள் என்றனர் வேறு சிலர். நூறாண்டுக்கு மேல் அவை புனித பீட்டர்ஸ்பர்க் நகரத்து ஹெர்மிட்டேஜ் அருங்காட்சியகத்தில் அப்படியே இருந்தன. 2022இல் ரஷிய ஆராய்ச்சியாளர் சிலர் ஒரு புதிய விளக்கத்தை வெளியிட்டனர். குழல்களின் நுனியில் வடிகட்டி போன்ற நுண்துளைகள் இருப்பதை அவர்கள் எடுத்துக்காட்டினர். ஒரு குழலின் நுனியில் உள்ளே ஒட்டியிருந்த எச்சத்தை ஆராய்ந்தபோது வாற்கோதுமையின் மாவுத் துகள்கள் தென்பட்டன. அவை செங்கோல்களுமல்ல, விதானக் கால்களுமல்ல, பலர் கூடிப் பருகிய உறிஞ்சுகுழல்களே என்பது அவர்கள் கருத்து. அக்கருத்துச் சரியானால், ஐயாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட குழல்கள் இன்றும் நம் கண்முன் இருக்கின்றன.

மாணவ நண்பர்களே, இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பொற்குழல்கள் கிடைத்தன என்பதனால் அக்காலத்து மக்கள் எல்லாரும் பொற்குழலால் குடித்தனர் என்று கருதிவிடலாகாது. ஏழையின் குழல் நாணலால் ஆனது. நாணல் மக்கி மண்ணாகிவிட்டது. பொன் மக்காது நின்றது. மண்ணுக்குள்ளே நமக்காகக் காத்திருப்பது செல்வர் வாழ்வின் சான்றே மிகுதி. எகிப்தில் கி. மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கற்பலகை கிடைத்துள்ளது. அது இன்று பெர்லின் நகரத்தில் இருக்கிறது. சிரியா நாட்டிலிருந்து வந்த போர்வீரன் ஒருவன் நாற்காலியில் அமர்ந்து, சாடியிலிருந்து வளைந்து வரும் குழலால் பருகுகிறான். சிறுவன் ஒருவன் குழலைப் பிடித்து உதவுகிறான். எதிரே அவன் மனைவி அமர்ந்திருக்கிறாள். அரசர் மட்டுமன்றி அயல்நாட்டுச் சேவகனும் குழலால் குடித்தான் என்பதற்கு அது சான்று.

நாணலும் மூங்கிலும் விளையும் நாடுகளில் எல்லாம் இவ்வழக்கம் இன்றும் வாழ்கிறது. கிழக்கு நேபாளத்திலும் சிக்கிமிலும் டார்ஜிலிங் மலைப்பகுதியிலும் தோங்பா என்னும் பானம் உண்டு. புளிக்கவைத்த கேழ்வரகை ஒரு குவளையில் நிரப்பி, அதன்மேல் வெந்நீர் ஊற்றி, மெல்லிய மூங்கிற் குழலால் உறிஞ்சுவர். குழலின் அடிப்பக்கம் அடைபட்டிருக்கும்; பக்கத்தில் சிறு கீற்றுகள் இருக்கும். தானியம் வெளியே நிற்கும், சாறு மட்டும் உள்ளே வரும். ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டுத் தெசோ மக்கள் ஒரு பானையைச் சுற்றி அமர்ந்து, கையினும் நீண்ட குழல்களால் தங்கள் தானிய மதுவைப் பருகுவர். சீனத்தில் தாமரை இலையைக் கிண்ணமாக்கி, அதன் நடுவே துளையிட்டு, இலைத்தண்டின் வழியே பருகிய செல்வர்களைப் பற்றிப் பழைய நூல்கள் கூறுகின்றன.

இவற்றுள் நாம் நின்று நோக்க வேண்டியது தென்னமெரிக்காவின் பொம்பில்யா. அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே, தென்பிரேசில் ஆகிய இடங்களில் மாத்தே என்னும் இலையை வெந்நீரில் ஊறவைத்துக் குடிப்பர். குவாரனி மக்களிடமிருந்து அந்நாடுகள் கற்றுக்கொண்ட பழக்கம் அது. சுரைக்குடுவையில் இலைத்தூள், அதிலே ஒரு குழல், குழலின் நுனியில் வடிகட்டி. முதலில் அது நாணற் குழலாக இருந்தது. பிறகு வெள்ளியிலும் பிற உலோகங்களிலும் செய்தனர். ஒரே குடுவையும் ஒரே குழலும் நண்பர்களிடையே கைமாறிச் செல்வது அங்கே அன்பின் அடையாளம். பொம்பில்யாவை எவரும் ஒருமுறை குடித்துவிட்டு எறிவதில்லை. கழுவி வைப்பர், ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துவர். இன்று கடைகளில் புதுமை என்று விற்கப்படும் உலோகக் குழலுக்கு இவ்வளவு பழைய உறவினர் உண்டு.

நம் தமிழ்நாட்டிலே குழல் பெரிதாக வளரவில்லை. அதற்கு வேறொரு வழி நம்மிடம் இருந்தது. செம்பை உயர்த்தி, உதடு படாமல், அண்ணாந்து குடிப்பது நம் வீடுகளின் பழக்கம். ஒரு செம்பிலே பத்துப் பேர் குடிக்கலாம். ஒருவர் வாய் பட்டது மற்றொருவர் வாயில் படாது. பச்சிளங் குழந்தைக்குப் பாலூட்டச் சங்கும், மூக்குடைய பாலாடையும் இருந்தன. ஆயினும் இதனைப் புகழ்ந்து பேசுகிறபோது உண்மையை மறைத்தல் ஆகாது. எச்சில், தூய்மை என்னும் பெயர்களால் மனிதரை மனிதர் விலக்கி வைத்த கொடுமையும் இந்நாட்டிலே இருந்தது. தேநீர்க் கடைகளில் சிலருக்கென்று தனிக் குவளை வைத்த இழிவை நாம் அறிவோம். நோய் பரவாமல் காக்கும் தூய்மை வேறு. மனிதரை அகற்றி வைக்கும் தூய்மை வேறு. முன்னதைப் போற்றி, பின்னதை ஒழிக்க வேண்டும்.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். 'ஸ்ட்ரா' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு வைக்கோல் என்பது பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டார் ரை என்னும் தானியத்தின் உலர்ந்த தாளை வெட்டி, அதனால் குளிர்பானம் பருகினர். அதுவே 'ஸ்ட்ரா' ஆயிற்று. அதில் இரு குறைகள் இருந்தன. பானத்தில் புல்லின் சுவை ஏறும்; சிறிது நேரத்தில் நார் நாராகப் பிரிந்துவிடும். வாஷிங்டன் நகரில் சிகரெட்டுப் பிடிக்கும் தாள் குழல்களைச் செய்துவந்த மார்வின் ஸ்டோன் என்பவர் இக்குறையை நீக்க எண்ணினார். ஒரு பென்சிலின் மேல் தாள்நாடாவைச் சுருளாகச் சுற்றி, பசையால் ஒட்டி, பென்சிலை உருவினார். பிறகு தாள் ஊறாதிருக்கப் பாரபின் மெழுகு பூசினார். எட்டரை அங்குல நீளம். எலுமிச்சை விதை உள்ளே சிக்காத அளவுக்குத் துளை. 1888 சனவரி 3ஆம் நாள் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1899இல் அவர் மறைந்தார். தாள் குழலைச் சுற்றும் பொறி 1906இல் அவருடைய நிறுவனத்தில் இயங்கத் தொடங்கியது. கையால் சுற்றிய குழல் பொறியால் சுற்றப்பெற்றதும், விலை இறங்கிற்று. எறிந்துவிடலாம் என்னும் எண்ணம் ஏறிற்று.

அந்த எண்ணத்துக்கு வலுவூட்டியது மற்றொன்று. 1882இல் காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டறிந்தார். நோய் கிருமியால் பரவுகிறது என்னும் அறிவு மக்களிடையே மெல்லப் பரவியது. அக்காலத்தில் அமெரிக்க ரயில்களிலும் பள்ளிகளிலும் நீர்த்தொட்டியின் அருகே ஒரு தகரக் குவளை சங்கிலியில் தொங்கும். காசநோயாளியும் அதிலே குடிப்பார், குழந்தையும் அதிலே குடிக்கும். கான்சஸ் மாநிலத்தில் சாமுவேல் கிரம்பைன் என்னும் மருத்துவர் இதனை எதிர்த்துப் போராடினார். 1909இல் அம்மாநிலம் பொதுக் குவளையைத் தடைசெய்தது. பிற மாநிலங்களும் பின்பற்றின. தாள் குவளையும் தாள் குழலும் ஊரெங்கும் பெருகின. ஒருமுறை பயன்படுத்தி எறிதல் என்பது சோம்பலால் மட்டும் பிறந்ததன்று. உயிரைக் காக்கும் நோக்கமும் அதற்குள் இருந்தது. இதனை மறந்து, எறியும் பொருள்களை எல்லாம் வெறும் ஊதாரித்தனம் என்று இகழ்வது வரலாற்றுக்கு நியாயமாகாது.

அடுத்த மாற்றம் ஒரு குழந்தையால் வந்தது. 1930களில் சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் தம் தம்பியின் இனிப்புக் கடையில் ஜோசப் பிரீட்மன் என்பவர் அமர்ந்திருந்தார். அவருடைய சிறு மகள் உயர்ந்த குவளையில் இருந்த பாற்பானத்தை நேரான தாள் குழலால் பருக முடியாமல் தவித்தாள். தந்தை ஒரு திருகாணியைக் குழலுக்குள் நுழைத்து, அதன் மரைகளின் மேல் மெல்லிய நூலை இறுகச் சுற்றினார். நூலையும் திருகாணியையும் எடுத்துவிட்டபோது குழலில் மடிப்புகள் பதிந்திருந்தன. குழல் உடையாமல் வளைந்தது. 1937இல் அவர் காப்புரிமை பெற்றார். அந்த வளையும் குழலை முதலில் வாங்கியது எது தெரியுமா? விருந்து மண்டபமன்று, 1947இல் ஒரு மருத்துவமனை. படுக்கையிலிருந்து எழ முடியாத நோயாளிக்கு அதுவரை வளைந்த கண்ணாடிக் குழல்களே கிடைத்தன. அவை உடையும், ஒவ்வொரு முறையும் கழுவிக் கொதிநீரில் இடவேண்டும். வளையும் தாள் குழல் அவர்களுக்குப் பெரும் உதவியாயிற்று.

பிறகு பிளாஸ்டிக் வந்தது. 1950களின் தொடக்கத்தில் பாலிபுரொப்பிலீன் என்னும் பொருளை வேதியியல் அறிஞர்கள் உருவாக்கினர். 1960களிலிருந்து பிளாஸ்டிக் குழல் தாள் குழலின் இடத்தைப் பிடிக்கலாயிற்று. அது ஊறாது, சுவையை மாற்றாது, குவளை மூடியின் துளையில் உராய்ந்து கிழியாது, விலையோ மிகக் குறைவு. பயன்படும் நேரம் பத்து நிமிடம். அதன்பின் அது போவதெங்கே? மிகவும் மெல்லியது, சிறியது ஆதலால் குப்பையைத் தரம்பிரிக்கும் பொறிகளின் இடுக்கில் விழுந்துவிடுகிறது. பழைய பொருள் வாங்குவோரும் அதனைப் பொறுக்குவதில்லை. காற்றும் மழையும் அதனைச் சாக்கடைக்கும், சாக்கடை ஆற்றுக்கும், ஆறு கடலுக்கும் கொண்டுசெல்கின்றன. அங்கே வெயிலில் அது சிதறும், ஆனால் மக்காது. பெரிய துண்டு சிறிய துண்டாகும், சிறியது கண்ணுக்குத் தெரியாத துகளாகும், அவ்வளவே.

2015ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நடு அமெரிக்காவின் கோஸ்டாரிக்கா நாட்டுக் கடலில் ஆய்வாளர் சிலர் ஓர் ஆமையைப் பிடித்தனர். அதன் மூக்குத் துளையில் ஏதோ சிக்கியிருந்தது. புழுவென்று எண்ணிக் குறட்டால் இழுத்தனர். ஆமை வலியால் துடித்தது, இரத்தம் கசிந்தது. வெளியே வந்தது ஒரு பிளாஸ்டிக் குழல். அந்தக் காட்சியைப் படமெடுத்து வெளியிட்டபோது உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பார்த்து மனமுருகினர். அந்த ஆமை நமக்கு அந்நியமன்று. பங்குனி ஆமை என்று நம் மீனவர் அழைக்கும் இனமே அது. ஆண்டுதோறும் தைத் திங்கள் முதல் சென்னைக் கடற்கரையிலும் பிற கரைகளிலும் இரவிலே ஏறிவந்து முட்டையிட்டுச் செல்லும் அதே இனம்.

மனமுருகுதல் நன்று, ஆனால் மனமுருகும்போது கணக்குத் தவறிவிடக்கூடாது. அமெரிக்கர் நாளொன்றுக்கு ஐம்பது கோடிக் குழல்களைப் பயன்படுத்துகின்றனர் என்னும் செய்தி பத்திரிகைகளில் பலகாலம் வந்தது. அதன் மூலத்தைத் தேடிச் சென்றால், 2011இல் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் குழல் செய்யும் நிறுவனங்கள் சிலவற்றைத் தொலைபேசியில் கேட்டுத் தொகுத்த மதிப்பீடு அது என்று தெரிகிறது. சந்தையை ஆராயும் நிறுவனங்கள் பின்னர் அதனினும் குறைந்த தொகைகளைக் கூறின. சிறுவனின் முயற்சியைப் பாராட்ட வேண்டும். ஆனால் பெரியவர்கள் அதனைச் சோதிக்காமல் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது பாராட்டத்தக்கதன்று. கடலில் சேரும் பிளாஸ்டிக்கின் எடையில் குழல்களின் பங்கு மிகச் சிறியது என்பதும் உண்மை. குழலை ஒழித்தால் கடல் தூய்மையாகிவிடும் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். அப்படியானால் குழலைப் பற்றிப் பேசுவதேன்? பெரும்பாலோர்க்குத் துன்பமின்றிக் கைவிடக்கூடிய பொருள் அது. எளிதானதைச் செய்யாதவன் அரிதானதைச் செய்வானா?

அரசுகள் சட்டம் இயற்றின. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2018 சூலையில் உணவகங்களில் பிளாஸ்டிக் குழலைத் தடுத்தது. நம் தமிழக அரசு 2018 சூன் 5ஆம் நாள் அறிவித்து, 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தடைசெய்தது. உறிஞ்சுகுழல் அவற்றுள் ஒன்று. இங்கிலாந்து 2020 அக்டோபரிலும், ஐரோப்பிய ஒன்றியம் 2021 சூலையிலும் தடையை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. 2022 சூலை 1 முதல் இந்தியா முழுவதும் பிளாஸ்டிக் குழலைச் செய்வதும் விற்பதும் பயன்படுத்துவதும் தடைப்பட்டன.

தடை வந்தபோது ஒரு குரல் எழுந்தது. அது வணிகர் குரலன்று. உடற்குறை உடையோரின் குரல். கை நடுங்குவோர், குவளையைத் தூக்க இயலாதோர், விழுங்குவதில் இடர் உடையோர் ஆகியோருக்கு வளையும் குழல் ஆடம்பரமன்று. பிறர் உதவியின்றித் தண்ணீர் குடிக்கும் உரிமை. தாள் குழல் அவர்கள் வாயில் கரைந்துவிடுகிறது. உலோகக் குழல் வளையாது, சூடேறும், பல்லில் இடிக்கும். இக்குரலுக்குச் செவிசாய்த்து, இங்கிலாந்தின் சட்டம் மருந்துக் கடைகளிலும், கேட்பவர்க்கு உணவகங்களிலும் பிளாஸ்டிக் குழல் கிடைக்க இடம் வைத்தது. சுமேரியனுக்கு உமி தடையாயிற்று. அவனுக்குக் குழல் தேவைப்பட்டது. இவர்களுக்கு நோய் தடையாகிறது. இவர்களுக்கும் குழல் தேவைப்படுகிறது. தேவையுள்ளவரைத் தேவையில்லாதவரோடு ஒன்றாக வைத்துக் குற்றம் சாட்டுவது அறமாகாது.

ஆகவே முதற்கேள்வி, எந்தக் குழல் நல்லது என்பதன்று; எனக்குக் குழல் வேண்டுமா என்பதே. தேநீருக்கும் தண்ணீருக்கும் பழச்சாற்றுக்கும் குவளையே போதும். வேண்டும் என்பார்க்குப் பல வழிகள் உள்ளன. ஒவ்வொன்றின் நன்மை தீமைகளையும் பார்ப்போம்.

முதலாவது, துருப்பிடிக்காத எஃகு. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய எஃகுக் கலவையின் வழிவந்தது. நம் வீட்டார் எவர்சில்வர் என்பர். உடையாது, நெடுங்காலம் உழைக்கும். ஆனால் அதனைச் செய்ய மிகுந்த ஆற்றல் செலவாகிறது. பத்து முறை பயன்படுத்தி இழுப்பறையில் போட்டுவிட்டால் பிளாஸ்டிக் குழலினும் அதுவே பெருந்தீங்கு. பல நூறு முறை பயன்படுத்தினால்தான் அதற்குப் பொருள் உண்டு. மேலும் அது கடினமானது. 2018இல் இங்கிலாந்தில் ஒரு பெண்மணி மூடியில் பொருத்திய உலோகக் குழலோடு தவறி விழுந்து உயிரிழந்தார். சிறுவர்களும் தள்ளாடி நடப்பவர்களும் அதனைக் கையாளலாகாது; குடித்துக்கொண்டே நடப்பதும் கூடாது.

இரண்டாவது, கண்ணாடி. உள்ளே அழுக்கிருந்தால் கண்ணுக்குத் தெரியும். அது பெரிய நன்மை. விழுந்தால் உடையும் என்பது குறை. மூன்றாவது, மூங்கில். நம் மண்ணில் விளைவது, மக்கிப் போவது. ஆனால் நன்கு உலர்த்தாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். சில திங்கள் உழைக்கும், பல்லாண்டு உழைக்காது. நான்காவது, சிலிக்கோன் என்னும் மென்பொருளால் ஆனது. வளையும், பல்லை வருத்தாது. குழந்தைகளுக்கும் நோயாளருக்கும் ஏற்றது. ஆயினும் அதுவும் மக்காத பொருளே. இந்நான்குக்கும் பொதுவான விதி ஒன்றுண்டு: உள்ளே நுழையும் மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு முறையும் தேய்த்துக் கழுவி உலர்த்த வேண்டும். கழுவாத குழல், சங்கிலியில் தொங்கிய பழைய தகரக் குவளைக்குத் தம்பி.

எறியும் குழல்களில் தாள் குழலைத் தூய்மையானதென்று பலர் நம்பினர். 2023இல் பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர் 39 வகைக் குழல்களைச் சோதித்தனர். எளிதில் சிதையாத, ஃபுளோரின் கலந்த வேதிப்பொருள்கள் தாள் குழல்களிலும் மூங்கிற் குழல்களிலும் பெரும்பாலானவற்றில் சிறிதளவு காணப்பட்டன. எஃகுக் குழல்களில் காணப்படவில்லை. அளவு சிறியதாதலால் அஞ்சி நடுங்க வேண்டுவதில்லை என்றும் அவர்கள் கூறினர். தென்னையின் உதிர்ந்த ஓலைகளைச் சுருட்டிக் குழல் செய்யும் முயற்சி நம் தென்னாட்டிலேயே நடக்கிறது. பப்பாளி இலையின் காம்பை வெட்டி இளநீருக்குக் குழலாகத் தந்த கடைக்காரர்களும் தமிழகத்தில் உண்டு. காம்பு இயற்கையாகவே உள்ளீடற்றது. நன்கு கழுவிப் பயன்படுத்திப் போட்டுவிட்டால் மண்ணாகிவிடும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நாணலைக் கண்ட மனிதனின் அறிவு இன்னும் நம்மைவிட்டுப் போய்விடவில்லை.

நேயர்களே, பூவாபியின் குழல் பொன்னால் ஆனது. நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக இருக்கிறது. அதனை வைத்திருந்தவள் அதன் அருமையை அறிந்திருந்தாள். தன்னோடு கல்லறைக்கும் கொண்டுசென்றாள். நாம் நேற்றுவரை பயன்படுத்திய பிளாஸ்டிக் குழலும் நெடுங்காலம் இருக்கும். ஆனால் பத்து நிமிடத்தில் அதனை மறந்துவிட்டோம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பொருளில் மட்டும் இல்லை. வைத்திருந்தவர் மனத்திலும் இருக்கிறது. வருங்காலத்தில் ஓர் ஊல்லி நம் ஊர்களை அகழ்ந்தால், நம் காலத்து மண்ணடுக்கில் எதைக் காண்பார்? விடை நம் கையில் இருக்கிறது.

அந்த இளநீர்க் கடைக்கு மீண்டும் போவோம். நல்ல கைகால் வலிமை உடையவரா நீங்கள்? இளநீரை இரு கையாலும் ஏந்தி, உதடு படாமல், அண்ணாந்து பருகுங்கள். சட்டையில் நாலு துளி சிந்தினால் சிந்தட்டும். உடன் வந்த பாட்டியாரால் அவ்வாறு இயலாதா? அவருக்கென்று ஒரு நல்ல குழலை வீட்டிலிருந்தே கழுவி எடுத்துச் செல்லுங்கள். இவ்வளவுதான் செய்ய வேண்டியது.